மொதல்ல சும்மா இருக்குதான்னு கேளு

மாப்ளே,

இப்போதுதான் உன் வால்வு செட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். வால்வு சூடேறும்போது மேலே படிந்த தூசி கருகி ஒரு வாசனை வருமே, அது இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், "அவசரப்படாத மச்சான், கொஞ்சம் காயட்டும்" என்று நீ சொல்வது காதில் விழும். மாடியில் போட்ட வத்தலையும் அப்படித்தான் சொல்வாய், வால்வையும் அப்படித்தான் சொல்வாய். எனக்கு எரிச்சலாக வரும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம், பில் புத்தகத்தைத் தவிர. ஆனால் இந்த ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கள்ளக்குறிச்சியில் முப்பத்தைந்து வருஷமாக ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிற நான், ஒரு விவசாயி வைத்துவிட்டுப் போன செட்டிடம் பதினோரு மாதம் தோற்றுப் போனேன். சிரித்துக்கொள்.

அந்த செட்டை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம். டூரிங் கொட்டகையை இழுத்து மூடியபோது, படத்துக்கு முன்னால் பாட்டுப் போடுகிற அந்த ஆம்ப்ளிஃபையரையும் குழாய் ஸ்பீக்கரையும் சாக்கில் சுற்றி, பஸ் மேலே போட்டு எடுத்து வந்தோம். அப்போது நீ வெறும் கூட்டாளிதான். அப்புறம்தான் என் தங்கை வசந்தாவைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனாய். நான் கடைக்குப் போய்விட்டேன். தியாகதுருகத்தில் உன் கரும்புக் கொல்லையும் உன் வீட்டுக் கூடத்தில் செட்டும் உன்னோடு நின்றுவிட்டன. பெரிய பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வந்து மற்ற ஊர்கள் உன்னைக் கூப்பிடுவதை விட்ட பிறகும், வருஷத்துக்கு ஒரு தரம் கோயில் ஆடித் திருவிழாவுக்கு அந்த செட் மலை ஏறுவதை மட்டும் நீ விடவில்லை. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்த ஊர்க்காரர்களும் வேறு செட்டைக் கொண்டு வராதே என்று சொல்லிவிட்டார்கள்.

ஜீப்பை விட்டு இறங்கியதும் நீ செய்கிற முதல் வேலை, வருஷா வருஷம் கூட வந்த எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. இடுப்பு உயர இரும்புக் கம்பி ஒன்றை எடுப்பாய். கோயிலுக்குப் பின்னால் போய் மண்ணில் அடித்து இறக்குவாய். ஒரு பிடி உப்பைப் போட்டு, ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவாய். செட்டின் எர்த் ஒயரை அந்தக் கம்பியில் முறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வருவாய். அந்த ஊர்க் கிழவிகள் அதைப் பூசை என்று நினைத்துவிட்டார்கள். இரண்டாம் வருஷம் கம்பிக்கு மஞ்சள் பூசினார்கள், மூன்றாம் வருஷம் குங்குமம். அப்புறம் ஊரில் மூத்தவள் ஒருத்தி காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது வழக்கமே ஆகிவிட்டது. நான் உன்னைப் பூசாரி என்றே கூப்பிட ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்லித் தொலையேன், ஏன் ஊரை ஏமாற்றுகிறாய் என்று ஒரு தரம் கேட்டதற்கு, "எர்த்துன்னு சொன்னா நாளைக்கே மறந்துடுவாங்க மச்சான். சாமின்னா தண்ணி ஊத்திக்கினே இருப்பாங்க. ஈரம் இருந்தா சரி, வுடு" என்றாய்.

இன்னொன்றும் செய்வாய். எல்லாம் மாட்டி முடித்து செட்டைப் போட்டதும் நான் பாட்டை வைக்கப் போவேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, குழாய் ஸ்பீக்கரின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பாய். "பாட்டு எங்கியும் போயிடாது. மொதல்ல சும்மா இருக்குதான்னு கேளு" என்பாய். உறுமல், இரைச்சல், கரகரப்பு எதுவும் இல்லாமல் செட் வெறுமனே இருக்கிறதா என்று கேட்பதற்கு நீ எடுத்துக்கொள்கிற நேரத்தில் நான் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

போன ஆடியில் உன்னை மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், நீ ஏறியே தீருவேன் என்று நின்றதும் எனக்குத் தெரியும். வசந்தா என்ன செய்தாள் என்பது மட்டும் அப்போது தெரியாது. அவள் செட்டின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு வால்வைப் பிடுங்கி, அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் நீ செட்டைப் பரிசோதிக்கத் திறந்தாயாம். வால்வு இருந்த குழியைப் பார்த்தாயாம். மூடினாயாம். ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாயாம். அதற்குப் பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் எங்களை விட்டுப் போய்விட்டாய்.

உன் முப்பதாம் நாள் படையலுக்கு, உனக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல்லி வசந்தாதான் கேட்டாள். வால்வுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நானும் ஏதும் யோசிக்கவில்லை. சுவிட்சைப் போட்டேன். வால்வு சிவந்தது. பாட்டு வருவதற்கு முன்னால் அடித்தொண்டையில் இருந்து வருகிற மாதிரி ஒரு உறுமல் வந்தது. நிற்கவே இல்லை. பாட்டு முழுக்க அடியில் உறுமிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் வசந்தா இலை முன்னாலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உறுமல்தானே, எத்தனை பார்த்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமே செட்டைத் தூக்கிக் கடைக்குக் கொண்டு போனேன். போட்டேன், ஒரு சத்தமும் இல்லை. நாள் முழுக்கப் போட்டு வைத்தேன், அப்போதும் இல்லை. இருந்தாலும் பழைய கண்டன்சர்களை எல்லாம் மாற்றி, சால்டரிங்கைத் தொட்டு வைத்து, திருப்பிக் கொண்டு வந்து வீட்டில் போட்டால் மறுபடி உறுமுகிறது. ஐப்பசி மழையில் வந்து பார்த்தபோது நின்றுவிட்டிருந்தது. சரியாகிவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னேன். தையில் மறுபடி வந்தது. அதிலும் பொங்கலன்று வரவில்லை, பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து வந்தது. வால்வுகளை மாற்றினேன். மைக் ஒயரை மாற்றினேன். மறுபடி கடைக்குத் தூக்கினேன், அங்கே மறுபடியும் வாயைத் திறக்கவில்லை. கடைக்கும் வீட்டுக்குமாக அந்த இரும்பைச் சுமந்து சுமந்து எனக்கு இடுப்புப் போனதுதான் மிச்சம்.

எர்த்தைப் பார்த்தாயா என்று நீ கேட்பது தெரிகிறது. பார்த்தேன் மாப்ளே. ஐப்பசியிலேயே சுவிட்ச் போர்டில் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பை மாட்டிப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டி, அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

மாசியில் ஒரு நாள் வசந்தா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீ இத்த ரிப்பேர் பண்ணாத. ஒன் கடையில சும்மா இருக்குது. என் வூட்டுக்கு வந்தா மட்டும் அழுவுது. அது எங்கிட்டதான் பேசுது" என்றாள்.

அப்போதுதான் வால்வைப் பிடுங்கி ஒளித்ததைச் சொன்னாள். அது ஒன்றும் கெட்டுப் போகவில்லை, இந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அந்த வால்வைத்தான் எப்போதோ மாற்றிவிட்டேனே என்றேன். அவள் கேட்கவில்லை.

"நான் அரிசில வெறுமனதான் சொருவி வச்சேன். படையலுக்கு மொதநாளு எடுக்கறேன், பஞ்சு சுத்தி, அதுமேல பேப்பர் சுத்தி இருக்குது. அவரு கண்டுபுடிச்சிட்டாரு அண்ணே. கண்டுபுடிச்சும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. மனசுல வச்சிக்கினே போயிட்டாரு."

கோளாறைக் கண்டுபிடிக்க முடியாத மெக்கானிக்கின் ஆறுதலை யார் காதில் வாங்குவார்கள்? பங்குனி, சித்திரை எல்லாம் உறுமல் ஓயவே இல்லை. வசந்தா கூடத்தில் உட்காருவதை விட்டாள். அடுப்படியிலேயே பாயைப் போட்டுப் படுத்தாள். ஆடி வந்தால் செட்டை மலைக்காரர்களிடமே கொடுத்துவிடச் சொன்னாள். அதோடு வீட்டைப் பூட்டிவிட்டு, கள்ளக்குறிச்சியில் இருக்கிற உங்கள் மகள் இளவரசி வீட்டுக்கே போய்விடப் போவதாகவும் சொன்னாள். "அவருக்கு என்மேல மனசு ஆறல. இந்த வூட்ல நான் இருக்கறது அவருக்குப் புடிக்கல" என்று என் தங்கை சொன்னபோது எனக்கு உன்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. நீ ஆசையாகக் கட்டிய வீடு மாப்ளே. அவள் நாற்று நட்ட கையோடு வந்து சித்தாள் வேலை பார்த்துக் கட்டிய வீடு.

ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் செட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அது உறுமிக்கொண்டிருந்தது. வசந்தா கூடத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தரையெல்லாம் ஈரம். என்னைத் தாண்டிப் போனவள் நின்றாள். என்ன வந்ததோ, துணியை வாளியில் போட்டுவிட்டு செட்டின் தலைமேல் கையை வைத்தாள்.

"இன்னாதான்யா வேணும் ஒனக்கு? வாயத் தொறந்து சொல்லேன்" என்றாள்.

உறுமல் நின்றுவிட்டது.

அவள் கையை எடுத்தாள், உறுமல் வந்தது. மறுபடி வைத்தாள், அடங்கியது. "அண்ணே" என்றாள். நானோ "கைய எடுடி" என்று கத்தினேன். மெயின்ஸ் லைனே பெட்டியில் பாய்கிறதோ என்று அவசரமாக வோல்டேஜ் பார்த்தேன். அந்த மாதிரிப் பழைய செட்டில் எப்போதும் கசிகிற அளவுதான் கசிந்தது, ஆளை அடிக்கிற அளவு இல்லை. அந்தக் கசிவு எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். போக வழியில்லாவிட்டால் பெட்டியிலேயே நின்று உறுமும். இப்போது ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற என் தங்கையின் உடம்பு வழியாக அது மண்ணுக்கு இறங்கியிருக்கிறது.

நான் அந்தப் பெட்டியைத் தொட்ட தடவைக்குக் கணக்கே இல்லை. ஒரு தரம்கூட உறுமல் நின்றதில்லை. ஏன் என்று குனிந்து என் காலைப் பார்த்தேன். சர்க்கரைக்காக டாக்டர் வீட்டுக்குள்ளேயும் போடச் சொன்ன ரப்பர் செருப்பு. அதைக் கழற்றி ஒரு ஓரமாக வீசிவிட்டு, ஈரத்தில் காலை வைத்து, விரலால் பெட்டியைத் தொட்டேன். அடங்கியது. பதினோரு மாதம் மாப்ளே. செருப்பைக் கழற்றியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து வசந்தா பயந்து போனாள்.

அப்புறம் சுவிட்ச் போர்டிலிருந்து எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவர் ஏறி, அடுப்படி தாண்டி, பின்சுவரில் ஓட்டை வழியாக வெளியே இறங்கியது. வீடு கட்டும்போது நீயே போட்டது, நான் பார்த்ததே இல்லை. தோட்டத்தில் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் போய் மண்ணுக்குள் நுழைந்தது. கல்லை ஒட்டி இரும்புக் கம்பியின் தலை தெரிந்தது. சுற்றிலும் மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. பக்கத்தில் எப்போதும் தாரும் கன்றுமாக நிற்கிற உன் வாழை சருகாகிச் சாய்ந்திருந்தது.

"இந்த வாழ எப்ப காஞ்சிது?" என்று கேட்டேன்.

"தண்ணி ஏது அதுக்கு? எளவரசி பாப்பா தொவைக்கற மிஷின் வாங்கிக் குடுத்துச்சில்ல, அதுல போட்டுடறேன். அந்தத் தண்ணி வாசப் பக்கமா போயிடுது. இங்க துணி தொவச்சே ஒரு வருசம் ஆவுது. எனக்கு ஒரு பொடவ, அதுக்கு எதுக்கு இந்தக் கல்லு" என்றாள். சாய்ந்த மட்டையை ஒதுக்கிவிட்டு, "போகிக்கு மட்டும் பாய், போர்வையெல்லாம் இங்க போட்டுத் தொவச்சேன்" என்றாள்.

பொங்கலன்று ஏன் உறுமவில்லை என்பது அப்போது விளங்கியது. ஐப்பசியில் ஏன் பல்பு பளிச்சென்று எரிந்தது என்பதும்தான். மூலையில் இருந்த குடத்தை எடுத்து உப்புப் போட்டு ஊற்றினேன். மண் குடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது குடத்துக்குத் தண்ணீர் மேலே நின்றது. வசந்தாவைக் கூடத்துக்கு அனுப்பி, என்ன கேட்கிறது என்று சொல்லச் சொன்னேன். "கொறையுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொறையுது" என்றாள். அப்புறம் உறுமல் அறவே நின்றது. எட்டிப் பார்த்தால் பின்வாசல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அவளை அந்தக் கல்லின்மேலேயே உட்கார வைத்தேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, உனக்குத் தெரியும்.

"ஊரு ஊரா போயி கொடம் கொடமா ஊத்தனவன், சொந்த வூட்டுல மட்டும் ஒரு நாளும் ஊத்தனதில்ல. ஏன்னு தெரியுதா? இங்க நீ இருந்த. தெனம் அவன் சேத்துச் சட்டையத் தொவச்சி ஊத்துவ. அத்த நம்பித்தான் இங்க அடிச்சிருக்கான் கம்பிய. இத்தினி வருசம் அந்த செட்ட சத்தமில்லாம வச்சிருந்தது அவன் இல்ல, நீ."

அவள் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வால்வு?" என்றாள்.

"கோவமா இருக்கறவன் பஞ்சு சுத்தி வைப்பானா? எடுத்து மாட்டிக்கினு மலைக்குப் போயிருக்கலாமில்ல? ஒடஞ்சிடப் போவுதுன்னு சுத்தி, நீ வச்ச எடத்துலயே திருப்பி வச்சிட்டு வூட்லியே இருந்துட்டான். நீ சொன்னத கேட்டுக்கினான், அவ்ளோதான். அத்த வாயால சொன்னாதான் இன்னா, அந்தத் திருட்டுப் பய."

நான் திட்டியதும் அவள் அழ ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு உன்னைத் திட்டினாள் பார், அடேயப்பா. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குக் கல்லடியில் இருக்கிற கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குமா, வாழைக்குத்தான் தண்ணீர் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று அக்கம்பக்கம் கேட்கத் திட்டினாள். எனக்கும் அதே கோபம்தான். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தானாக நடக்கிற காரியத்தை நீ ஒருநாளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாய். பாய்கிற வாய்க்காலை நீ போய்க் கிளறியதே இல்லை. திட்டி முடித்ததும் என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு எத்தினி கொடம் அண்ணே?" என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி கூடத்தில்தான் படுத்தாள்.

போன வாரம் மலைக்குப் போனோம். செட்டைக் கொடுத்துவிட்டு வருவதற்கு அல்ல, பாட்டுப் போட. ஜீப்பில் மடியில் வால்வுகளை வைத்துக்கொண்டு வசந்தாவும் வந்தாள். உன் பஞ்சிலேயே சுற்றி எடுத்து வந்தாள். அத்தனை வருஷமும் நீ அவளை ஒரு தரம்கூடக் கூட்டிப் போகவில்லை, பாதை சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே. அந்த வளைவுகளில் அவள் வாந்தி எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். கோயிலுக்குப் பின்னால் நான் கம்பியை அடித்தேன். ஊரில் மூத்தவள் குடத்தோடு வந்தாள். வந்தவள் வசந்தாவைப் பார்த்தாள், யார் என்று கேட்டாள், சொன்னேன். குடத்தை அவள் கையில் கொடுத்துவிட்டாள். வசந்தா உப்பைப் போட்டு ஊற்றினாள். நான் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

ஒயரை முறுக்கினேன். செட்டைப் போட்டேன், வால்வு சிவந்தது. ஊரே பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது. வழக்கம் போல எனக்குக் கை துறுதுறுத்தது. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். வசந்தா.

"இரு அண்ணே" என்றாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, குழாய் ஸ்பீக்கரின் வாய்க்குள் தலையை விட்டாள். நீ எடுத்துக்கொள்கிற நேரத்தைவிட அதிக நேரம் எடுத்தாள். பிள்ளைகள் சிரித்தன. நான் டீ குடிக்கப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றேன். அப்புறம் தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தாள்.

"சும்மாதான் இருக்குது அண்ணே" என்றாள்.

பாட்டைப் போட்டேன்.

நீ சொன்னதெல்லாம் எனக்கு நினைவில் இல்லை மாப்ளே. நான் எங்கே காதில் வாங்கினேன். இப்போது கடைக்கு எந்த செட் வந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றி வைக்கிறேன். பாட்டைப் போடுவதற்கு முன்னால் காதை வைக்கிறேன். ஒரு தரம் சரியாக இருந்ததை மறு வாரமும் பார்க்கிறேன். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தியாகதுருகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே வாசலுக்குப் போவதில்லை. சந்து வழியாகப் பின்பக்கம் போய், குனிந்து, அந்தக் கல்லடியில் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்றைக்கும் தொட்டேன். கையில் ஈரம் ஒட்டியது. வாழைக்கு அடியில் ஒரு கன்று விட்டிருக்கிறது. கொடியில் உன் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வருஷமாக யாரும் போடாத, அழுக்கே இல்லாத சட்டை, ஆனாலும் கல்லில் துவைத்துப் போட்டிருக்கிறாள். உள்ளே போய் வசந்தாவிடம் டீ கேட்டேன்.